கறுப்புத் திரையும் கொம்பும் காலும்

லினக்ஸுக்கு மாறிவிட்டேன் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, "அந்தக் கறுப்புத் திரையில கட்டளையெல்லாம் அடிக்கணுமாமே, எப்படிச் சமாளிக்கறீங்க?" என்பதுதான். மாறிச் சில மாதங்கள் ஓடிவிட்டன. கறுப்புத் திரையை நான் திறந்தது வெகு சொற்பம். திணறியது வேறு இடங்களில். அதைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை என்பதால் எழுதிவைக்கிறேன்.

என் தொழில் டிடிபி. புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவேன், மெய்ப்பும் பார்ப்பேன். பேஜ்மேக்கர் காலத்திலிருந்து இதுதான் பிழைப்பு. ஆகவே கம்ப்யூட்டர் என்றால் எனக்கு முதலில் தமிழ் எழுத்து, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

மாறியதற்குக் கொள்கை ஏதும் காரணமில்லை. என் லேப்டாப் 2017-இல் வாங்கியது, இன்டெல் ஏழாம் தலைமுறைச் சில்லு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நிற்கும் என்று அறிவித்தார்கள், நின்றன. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் அது பொதுவாக எட்டாம் தலைமுறைச் சில்லும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. ஒரு வருஷம் தள்ளிப்போட்டுக்கொள்ளும் வழியும் இருந்தது. ஒரு வருஷம் கழித்தும் இதே கேள்விதானே வரும்? சர்வீஸ் கடையில், "பைபாஸ் பண்ணி 11 போட்டுத் தந்துடறேன் மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். நன்றாக ஓடுகிற லேப்டாப்பைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

அக்கா மகன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன்தான் போனில் சொன்னான். "சித்தி, லினக்ஸ் மின்ட் போடுங்க. முதல்ல பென் டிரைவ்லேர்ந்தே ஓட்டிப் பாருங்க. பிடிக்கலேன்னா பென் டிரைவைக் கழட்டிடலாம், உங்க விண்டோஸ் அப்படியே இருக்கும்."

இந்தப் பென் டிரைவ் விஷயம் எனக்குத் தெரியாத ஒன்று. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழுச் சிஸ்டமும் பென் டிரைவிலிருந்து எழுந்து ஓடுகிறது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். மாற நினைக்கிறவர்கள் இதைச் செய்யாமல் நேராக இன்ஸ்டால் பண்ண உட்காராதீர்கள்.

மின்ட், 2006-இல் கிளெமான் லெஃபெவ்ர் என்பவர் தொடங்கியது. உபுண்டுவின் மேல் கட்டியது. அதன் சின்னமன் முகப்பு பழைய விண்டோஸ் 7 மாதிரியே இருக்கும்: கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். பார்த்ததும் பழகிய இடம் என்று தோன்றும். அங்கேதான் விரல் ஏமாறுகிறது. குஜராத்திக் கட்டில் புடவை கட்டிப் பார்த்தவர்களுக்குப் புரியும். அதே புடவைதான், ஆனால் தலைப்பு வலத்தோளில் வருவதால் கை ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் தேடும். காப்பி, பேஸ்ட், ஜன்னல் மாற்றுவது எல்லாம் அப்படியே வேலை செய்கின்றன. எழுந்து போகும்போது திரையைப் பூட்ட விண்டோஸ் பொத்தானோடு எல் அழுத்தினால் மட்டும் பூட்டுவதற்குப் பதில் புரோகிராமர்களுக்கான பிழைதேடும் சாளரம் ஒன்று திறக்கிறது. இங்கே பூட்ட கன்ட்ரோல், ஆல்ட், எல். கீபோர்டு அமைப்பில் போய் என் பழக்கத்துக்கே மாற்றிக்கொண்டேன். விரலைத் திருத்துவதைவிடச் சிஸ்டத்தைத் திருத்துவது சுலபம் என்பது என் அனுபவம். மின்ட் அதற்குப் பெரும்பாலும் இடம் கொடுக்கிறது.

அடுத்தது, "டி டிரைவ் எங்கே?" நம்மூரில் லேப்டாப் வாங்கினால் கடைக்காரரே சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுப்பார். சி கெட்டாலும் டி-யில் இருக்கும் கல்யாண போட்டோ பிழைக்கும் என்பது நம்பிக்கை. லினக்ஸில் எழுத்தே கிடையாது. எல்லாம் ஒரே மரம், ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கும். ஹார்ட் டிஸ்க்கின் இன்னொரு பகுதியோ பென் டிரைவோ அந்த மரத்தின் ஒரு கிளையாக ஒட்டிக்கொள்ளும். சி-யில் தொடங்குவதற்குக் காரணம், ஆதி காலத்தில் ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்கு என்று ஒதுக்கியது. ஃபிளாப்பி போயே எத்தனை வருஷமாயிற்று, அந்த இரண்டு எழுத்து மட்டும் இன்னும் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறது.

கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இங்கே வேறு வேறு. ஒரே பெயரைப் பெரிய எழுத்தில் ஒன்றும் சின்ன எழுத்தில் ஒன்றும் வைத்தால் இரண்டு தனிக் கோப்புகள். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இந்த வம்பே இல்லை. நான் இப்போது எல்லாக் கோப்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கிறேன்.

கொஞ்ச நாள் விண்டோஸையும் அழிக்காமல் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைத்திருந்தேன். அப்போது ஒரு வேடிக்கை. மின்ட்டிலிருந்து வெளியே வந்து விண்டோஸைத் திறந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். லேப்டாப்பின் உள்ளே பேட்டரியில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, நமக்காக ஐந்தரையைக் கூட்டிக் காட்டும். இரண்டும் மாறி மாறி ஒரே கடிகாரத்தைத் திருத்தினால் இந்தக் கூத்துதான். இதைச் சரிசெய்ய ஒரு வரிக் கட்டளை போதும். நான் கறுப்புத் திரையைத் திறந்த சொற்பத் தடவைகளில் அது ஒன்று. அக்கா மகன் வாட்ஸப்பில் அனுப்பினான், ஒட்டினேன், முடிந்தது. அந்தத் திரையில் ஒட்டுவதற்கு மட்டும் கன்ட்ரோலோடு ஷிஃப்ட்டும் சேர்க்க வேண்டும்.

சரி, தமிழுக்கு வருகிறேன்.

நான் தமிழ்99-காரி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை. உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். அதன் அழகே, புள்ளியைப் பல இடங்களில் நாம் வைக்க வேண்டியதில்லை என்பதுதான். க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க தானாக க் ஆகிவிடும். ந தட்டி த தட்டினால் ந்த. ம தட்டி ப தட்டினால் ம்ப. நாளெல்லாம் அடிக்கிறவர்களுக்கு இந்த மிச்சம் சாயங்காலம் மணிக்கட்டில் தெரியும்.

விண்டோஸில் இதற்கு என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி என்று அவரவருக்கு ஒன்று. அவற்றைக் கொண்டுவர முடியாது, இங்கே வழி வேறு. மின்ட்டின் கீபோர்டு பட்டியலைத் திறந்தால் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஒரு விசைக்கு ஒரு குறி என்று மட்டும் தரும் அமைப்பு. முன்னால் என்ன அடித்தோம் என்று அதற்குத் தெரியாது. க-வை இரண்டு தடவை தட்டினால் கக என்றுதான் நிற்கும். பழைய பழக்கத்தில் "பக்கம்" அடித்தால் "பககம்" என்று வரும். தமிழ் லினக்ஸில் ஒழுங்காக வராது என்று சொல்லித் திரும்பிப் போன சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் திரும்பிப்போனது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

வேண்டியது ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள், அதோடு சேரும் எம்17என். மின்ட்டின் மெனுவிலேயே உள்ளீட்டு முறைக்கென்று தனிப் பக்கம் உண்டு. இரண்டையும் இன்ஸ்டால் செய்து, அங்கே ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறித் திரும்பி வந்து, ஐபஸ்ஸின் பட்டியலில் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். அதே பட்டியலில் ஒலிபெயர்ப்பு முறை, தட்டச்சு முறை, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் இருக்கின்றன. புள்ளி தானாக விழுகிறது. தட்டும்போது எழுத்தின் அடியில் ஒரு கோடு தெரிந்தால் அந்த எழுத்து இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம், அடுத்த விசைக்காகக் காத்திருக்கிறது. அதற்குள் மவுஸை வேறெங்கோ சொடுக்காமலிருப்பது நல்லது. மொழி மாற்ற விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸ் பாரும். அதையும் என் பழைய விசைக்கே மாற்றிவிட்டேன்.

மேற்கோள் குறிக்கும் நீளக் கோட்டுக்கும் நான் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு நாலு எண் தட்டுவேன். இங்கே அது வேலைக்காகாது. கம்போஸ் விசை என்று ஒன்றை நாமே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நான் வலது கன்ட்ரோலைக் கொடுத்தேன். அதைத் தட்டி, சிறியது என்னும் குறியையும் இரட்டை மேற்கோளையும் தட்டினால் வளைந்த மேற்கோள் வரும். எண்ணை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ தேவலை. இருபது வருஷம் அந்த எண்களைச் சுமந்ததை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

வேர்டுக்குப் பதில் இங்கே நான் பயன்படுத்தும் லிப்ரேஆபிஸில் இன்னொரு பொறி. அது தமிழைச் "சிக்கலான எழுத்து" வகையில் வைத்திருக்கிறது. ஒரு பாணியைத் திறந்தால் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு ஃபாண்ட், அளவு. சிக்கலான எழுத்துக்கு வேறொரு ஃபாண்ட், அளவு. மேலே இருக்கும் கட்டத்தில் 12-ஐ 14 ஆக்கிவிட்டு, தமிழ் ஏன் பெரிதாகவில்லை என்று முழிப்பார்கள். இரண்டாவது கட்டத்தில் மாற்ற வேண்டும். புரிந்துகொண்டபின் எனக்கு இது பிடித்துப்போயிற்று. ஒரே வரியில் வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழைவிட ஒரு புள்ளி சின்னதாக்க முன்பெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவேன். இப்போது பாணியில் ஒரு முறை சொன்னால் போதும்.

எழுத்தாளர்கள் அனுப்பும் வேர்டு கோப்பு லதாவிலோ நிர்மலாவிலோ இருக்கும். இரண்டும் விண்டோஸோடு வருபவை, இங்கே கிடையாது. பதிலுக்கு நோட்டோவோ லோகித்தோ வந்து உட்காரும், வரி உடையும், பக்கம் கூடும். இப்போது யாரிடமும் கோப்பு வாங்கும்போதே நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் என்று இலவச ஃபாண்டுகளில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் விண்டோஸில் இருந்தாலும் ஆப்பிளில் இருந்தாலும் அதை இறக்கிக்கொள்ளலாம். பிழை திருத்தத்துக்கு நீச்சல்காரனின் வாணி பிரவுசரிலேயே ஓடுவதால் அதில் எந்த மாற்றமும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். பழகாதது பழைய கோப்புகள்.

என்னிடம் வருஷக் கணக்கில் சேர்ந்த புத்தகங்கள் பேஜ்மேக்கரில் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001-இல். அதன்பின் அதைச் செய்த நிறுவனமே இன்டிசைனுக்குப் போய்விட்டது. நம் தமிழ் டிடிபி உலகம் மட்டும் பென் டிரைவ் மாற்றிப் பென் டிரைவ் அதை உயிரோடு வைத்திருக்கிறது. லிப்ரேஆபிஸ் டிராவுக்குப் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத் தெரியும். எழுத்தை மீட்க அது உதவும், பக்க அமைப்பு முழுசாக வருமென்று நம்பி உட்காரக் கூடாது. அப்படி மீட்ட எழுத்துதான் சிக்கல்.

யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டுகளில் தமிழ் என்பது வெறும் வேஷம். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினி என்னும் ஃபாண்டில் "அம்மா" என்று நாம் படிப்பது கம்ப்யூட்டருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஃபாண்டை எடுத்துவிட்டால் அந்த ஆங்கில எழுத்துகள் மட்டும் மிஞ்சும். வானவில், இன்னும் ஒவ்வொரு நிறுவனத்தின் ஃபாண்டும் ஆளுக்கொரு வரிசை. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. அச்சுத் தொழிலில் பழசு சாகவில்லை.

ஃபாண்ட் கோப்பை மின்ட்டில் போட்டுக்கொண்டால் பழைய கோப்பு பார்க்க நன்றாகவே தெரியும். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாறுவது மாறுகிறோம், எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று இறங்கினேன். பொங்கு தமிழ் போன்ற மாற்றிகள் இருக்கின்றன, நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் இருக்கிறது. அவை செய்வது சின்ன வேலையில்லை. பழைய ஃபாண்டில் "கொடி" என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

அதிலும் "கௌரவம்" வந்தால் போச்சு. பழைய ஃபாண்டில் ஔகாரத்தின் பின்பாதியும் ள எழுத்தும் ஒன்றே. மாற்றியில் போட்டால் "கெளரவம்" என்று வரும். இணையத்தில் இந்த எழுத்துப்பிழை ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம். சரி, கொம்புக்கும் எழுத்துக்கும் பின்னால் ள வந்தால் ஔகாரமாக்கு என்று சொல்லலாமென்றால், "வெள்ளம்" "வௌ்ளம்" ஆகிவிடும், "தெளிவு" சிதைந்துவிடும். சொல்லைப் படித்துத்தான் தீர்மானிக்க முடியும்.

இதைவிடப் பொல்லாதது காலும் ர-வும். சில ஃபாண்டுகளில் இரண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அவசரத்தில் அடிக்கிறவர்கள் கால் வேண்டிய இடத்தில் ர தட்டியிருப்பார்கள். காகிதத்தில் அது "பாரதி"தான். யூனிகோடுக்கு வந்ததும் "பரரதி". அச்சில் எத்தனையோ பேர் படித்தும் யார் கண்ணிலும் படாத பிழை, கம்ப்யூட்டர் தேடும்போதுதான் வெளியே வருகிறது. என் பழைய புத்தகங்களில் பாரதியைத் தேடினால் பாதிதான் கிடைக்கிறார்.

"சித்தி, இதெல்லாம் லினக்ஸ் பிரச்சினையே இல்லையே, விண்டோஸ்லயும் இதேதானே?" என்றான் அக்கா மகன். உண்மைதான். விண்டோஸிலும் அவை ஆங்கில எழுத்தாகத்தான் கிடந்தன. ஃபாண்ட் மாறாதவரை, சிஸ்டம் மாறாதவரை அது என் கண்ணில் படவில்லை. சிஸ்டம் மாற்றுவது கடினம் என்கிறவர்களில் பலர் கட்டிக்கொண்டு அழுவது சிஸ்டத்தை அல்ல, வேறெங்கும் திறக்காத கோப்புகளை. தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த மூட்டை கொஞ்சம் கூடுதல் கனம்.

கறுப்புத் திரை பயம் நம்மூரில் எப்படி வந்தது என்றும் யோசித்தேன். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மாணவர்களுக்கான இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சிடாக் உருவாக்கியது, நம் நாட்டுச் சரக்கு. எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை, சிலர் கடையில் கொடுத்து எடுத்தே விட்டார்கள். கேரளத்தில் பள்ளிக் கம்ப்யூட்டர் பாடத்தையே லினக்ஸில் நடத்தினார்கள், பிள்ளைகளுக்கு அது சாதாரணமாகிவிட்டது. வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

நடக்காததையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய லேசர் பிரிண்டர் மின்ட்டில் ஓடவில்லை. அதற்கான டிரைவரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸப் செய்கிறேன். மாறப்போகிறவர்கள் முதலில் பிரிண்டரைச் சோதியுங்கள். டாலியில் கணக்கு எழுதுபவர்கள் யோசித்து இறங்குங்கள், அது விண்டோஸுக்கானது. பேஜ்மேக்கர் கோப்பாகவே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஒரு பதிப்பாளருக்காக, மின்ட்டுக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு பழைய விண்டோஸை இணையம் இல்லாமல் வைத்திருக்கிறேன். புதிய புத்தகங்களை ஸ்கிரைபஸில் கட்டுகிறேன். அதன் பழைய 1.4 பதிப்பில் தமிழ்க் கொம்பு இடம் மாறிச் சிதறும். 2024 ஜனவரியில் வந்த 1.6-இல் ஒழுங்காக உட்காருகிறது. அச்சகத்துக்குப் பிடிஎஃப் போனால் போதும், அதை எதில் கட்டினேன் என்று அவர்கள் கேட்பதில்லை.

இப்போது மிச்சம் இருப்பது ஒரு ஃபாண்ட். எங்கள் ஊர் அச்சகம் ஒன்றில் யாரோ தங்களுக்கென்று செய்துகொண்டது, எந்த மாற்றியின் பட்டியலிலும் இல்லை. ஒரு நாட்டார் கதைத் தொகுப்பு முழுதும் அதில்தான் கிடக்கிறது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அட்டவணை போட்டுக் கொடுத்தால் மாற்றி எழுதித் தருகிறேன் என்று அக்கா மகன் சொல்லியிருக்கிறான். உயிர்மெய்யில் ஞ வரிசை வரை முடித்திருக்கிறேன். ணை, லை, னை போன்றவற்றுக்குப் பழைய துதிக்கை வடிவத்தைத் தனித்தனி விசையில் வைத்திருக்கிறார் அந்த மனிதர். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலை போயிற்று.